லிம் வீட்டுப் பெண்

1926 பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை சென்னையில் கப்பலேறினேன். தளத்தில் பயணம், சீட்டு பதினைந்து ரூபாய். நான்காம் நாள் காலை ஏழு மணிக்குக் கப்பல் ரங்கூன் ஆற்றுக்குள் நுழைந்தது. எல்லோரும் பகோடாவின் பொன் கோபுரத்தைப் பார்க்க ஓடினார்கள். நான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஊர் பார்க்க நான் போகவில்லை. அங்கே துறைமுகத்தில் வேலை பார்த்த என் அண்ணன் மாரிமுத்து இரண்டு வருடங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய பர்மிய மனைவி அதற்கு முன்பே பிரசவத்தில் போய்விட்டாள். அவர்களுடைய பெண் குழந்தை ஒரு சீனத் தச்சர் வீட்டில் வளர்வதாகக் கடிதம் வந்தது. "போய்க் கூட்டிக்கிட்டு வந்துடு" என்றாள் அம்மா.

கடிதம் எழுதிய கோ ரத்தினம் துறையில் காத்திருந்தார். அண்ணனோடு வேலை பார்த்தவர். தகப்பனார் தமிழர், தாயார் பர்மியப் பெண்; பெயருக்கு முன்னால் நின்ற ‘கோ’ பர்மியர் வைக்கும் மரியாதைச் சொல்.

"தச்சர் பேரு லிம். ஆனா சீனர் தெருவுல நின்னு லிம்முன்னு கூப்பிட்டா பத்துப் பேரு திரும்பிப் பார்ப்பாங்க, தம்பி" என்றார்.

அன்று சீனர்கள் முன்னோருக்குப் படைக்கும் நாள். லிம் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களெல்லாம் கூடும் மண்டபத்துக்கே எங்களை வரச் சொல்லியிருந்தார் தச்சர். ரிக்‌ஷாவுக்கு நாலணா.

மண்டபத்தில் ஊதுவத்திப் புகை கண்ணைக் கரித்தது. சுவர் முழுக்கப் படங்கள். ஆற்றுக்கு அக்கரைத் தன்லியினில் அரிசி ஆலை வைத்த லிம், பினாங்கிலிருந்து வந்து ஏழைகளுக்கு மருந்து கொடுத்த டாக்டர் லிம், நூற்றாண்டுகளுக்கு முன் சீனத்து அரசனிடம் மந்திரியாக இருந்த லிம் என்று ரத்தினம் சொல்லிக்கொண்டே வந்தார். மூட்டை சுமப்பவரும் கடை முதலாளியும் தோளோடு தோள் நின்று அவர்களை வணங்கினார்கள்.

தச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதுப் பெண், கன்னத்தில் பர்மியர் சந்தனம்போல அரைத்துப் பூசும் தனக்காவோடு நின்றாள். அண்ணனின் நெற்றி அப்படியே. ஒவ்வொரு படமாகக் காட்டி ஏதோ சொன்னாள்.

"அரிசி மில் தாத்தா, டாக்டர் தாத்தாங்குது" என்றார் ரத்தினம்.

"அவ அப்பா யாருன்னு கேளுங்க."

குழந்தை தச்சரின் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பர்மிய மொழியில் மெதுவாகப் பேசினார். ரத்தினம் தமிழில் சொன்னார்.

"சாகறதுக்கு முந்தின நாள் உங்க அண்ணன்தான் புள்ளைய இவரு மடியில வச்சாராம். உங்க ரத்தம், கூட்டிட்டுப் போனா குறுக்க நிக்கமாட்டேங்கிறாரு. ஒண்ணு மட்டும் கேக்கறாரு. உங்க ஊர்ல இவள யாரு வீட்டுப் பொண்ணுன்னு சொல்லுவாங்க?"

அண்ணனின் கல்யாணச் செய்தி வந்த அன்று பெரியப்பா அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டார். பங்காளிகள் யாரும் ஏனென்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தச்சரின் மனைவி குழந்தையின் துணிகளை மூட்டையாகக் கட்டி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூட்டையக் கொண்டுபோய் உள்ள வைக்கச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். குழந்தை என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"நீங்க யாருன்னு கேக்குது" என்றார் ரத்தினம்.

"அப்பாவோட சிநேகிதர்னு சொல்லுங்க."

மறுவாரமே கப்பல் கிடைத்தது. நம் பக்கத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும். மாரிமுத்துவின் ‘மா.’ இனி எந்தக் காகிதத்திலும் வராது என்பது கடல் நடுவில்தான் எனக்கு உறைத்தது. அங்கே அவளுக்கு ஒரு சுவர் நிறையத் தாத்தாக்கள். இங்கே கடிதத்தை எரித்த ஒரு தாத்தா. நான் செய்தது சரிதான். ஆனாலும் அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாசலில் என்னைத் தனியாகக் கண்டதும் அம்மா ஒன்றும் திட்டவில்லை. குழந்தையின் பெயரை மட்டும் கேட்டாள்.

"லிம் பீ லான்."

இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. "இன்னொரு தரம் மெதுவாச் சொல்லுடா" என்றாள்.