ஒரு பெரியம்மாவைக் கேட்டார்கள், ஒரு குட்டியானை வந்தது

இதை எழுதாமலே விட்டிருப்பேன். சோழவந்தான் போய் மதுரை திரும்புவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு அமெரிக்காவா வாய்க்கும்?

போன காரணம் என் அக்கா செல்வி. மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கம் ஆபரேஷன், பிறகு கீமோ எல்லாம் முடிந்து, இப்போதுதான் முடி முளைக்கிறது. கீரிப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்றதற்குக் கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினாள். அந்தளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. பரம்பரையாக வருவதா என்று ஜீன் சோதனை செய்ததில், ஒரு இடத்தில் ஏதோ மாறியிருக்கிறது, அது கெட்டதா சும்மாவா தெரியவில்லை என்று ரிப்போர்ட். ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் விவரம், நம் பக்கத்து ஆட்கள் அதில் ரொம்பக் குறைவு என்றார் டாக்டரம்மா. எனக்குப் புரிந்த அளவில், சேவ் பண்ணாத நம்பரிலிருந்து வந்த மிஸ்டு கால். பேங்க்காரனா, பொண்ணு வீடா, யார் கண்டது?

தெரியாத ஒன்றை நம்பிக் கத்தி எடுக்க மாட்டேன் என்றும் அவர் சொல்லிவிட்டார். அக்காவுக்குத் தூக்கமில்லை.

"இன்னொரு பக்கத்தையும் எடுக்கணுமா வேணாமா, அத மட்டும் சொல்லச் சொல்லுடா."

எங்கள் அம்மா இப்போது இல்லை. அம்மாவின் அக்கா, எழுபது தாண்டியும் நோய் நொடியில்லாத பெரியம்மாவின் ரத்தத்திலும் அதே மாற்றம் இருந்தால், அது சும்மாதான் என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கலாமாம். முந்தின நாளே அவருக்குப் போன் போட்டேன்.

காலை ஏழு மணிக்கு ஆரப்பாளையத்தில் பஸ். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் நிற்காத ஊர் கிடையாது. சோழவந்தானில் இறங்கி வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக நடந்தால் பெரியம்மா வீடு. வாசலில் பக்கத்து வீட்டுப் பாண்டி அண்ணனின் குட்டியானை, அதுதான் அந்தச் சின்ன லாரி, நின்றது. தக்காளி ஏற்றும் வண்டியில் தெருவே ஏறி உட்கார்ந்திருந்தது. ஒருத்தரைத்தான் டாக்டரம்மா கேட்டார் என்றேன்.

"ரத்தம் குடுக்கப் போற பொம்பளையத் தனியா அனுப்புவாகளா?" என்றார் பாண்டி.

"நான் இருக்கேன்லண்ணே."

"அதான் நாங்களும் வாரோம்."

சமயநல்லூர் வரை ஒரே கேலி. பரவை தாண்டியதும் சத்தமே இல்லை. விசாரித்தால் ஒருத்தரும் சாப்பிடவில்லை. ரத்தச் சோதனை என்றால் வெறும் வயிறு என்பது ஊருக்கே மனப்பாடம். ஆஸ்பத்திரியில் நர்ஸ், இதற்குச் சாப்பிட்டே வரலாமே என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இட்லிக் கடையைக் காலி செய்துவிட்டு வந்தோம். டாக்டரம்மா கோபப்படுவார் என்று பயந்தால், அவர் முகம் மலர்ந்துவிட்டது. நோயில்லாத, இந்தப் பக்கத்து ஆட்களின் ரத்தம்தான் ஆராய்ச்சிக்குக் கிடைப்பதில்லையாம். விருப்பம் இருந்தால் மட்டும் கொடுக்கலாம் என்று எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். களையெடுக்கப் போகும் காளியம்மாள் கை தூக்கினார்.

"எங்க ரத்தத்துல மருந்து கண்டுபிடிச்சு, எங்களுக்கே எட்டாத வெலைக்கு விப்பீகளா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வெலைக்கு நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா. ஆனா நீங்க இதுல இல்லேன்னா, அந்த மருந்து ஒங்களுக்குக் கேக்குமான்னே யாருக்கும் தெரியாது."

காளியம்மாள் வளையலை மேலே ஏற்றிவிட்டுக் கையை நீட்டினார். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், யாரும் வற்புறுத்தவில்லை. பெரியம்மா ஊசியைப் பார்த்தபடியே நர்ஸின் சம்பளத்தை விசாரித்து முடித்துவிட்டார்.

பெரியம்மா ரிப்போர்ட் வரச் சில வாரங்கள் ஆகும், அதிலும் முழுசாகத் தெரியாமல் போகலாம் என்றார்கள். வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அம்புட்டுப் பேருமா வந்தாக என்று நாலு தடவை கேட்டாள். பிறகு படுத்துத் தூங்கிவிட்டாள். பட்டப்பகலில்.

வீட்டில் சௌராஷ்ட்ரம் பேசும் என் கூட்டாளி சுரேஷுக்கு உடனே வாட்ஸ்அப் போட்டேன். ஒங்க ஆளுகளும் அந்தக் கணக்கில் குறைச்சலாம், ஜிம்முக்குப் போய் ஏத்தின உடம்பைக் கொஞ்சம் கொண்டு வா என்று. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது:

"வாரேன் மாப்ள, ஊசி குத்துறப்ப மட்டும் செல்வியக்காவ என் கையப் பிடிச்சுக்கச் சொல்லு."