வண்டி நிறுத்துமிடத்தில் சொன்னது

என் அக்கா ஐலா அன்றைக்கு இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா செத்திருக்கமாட்டார். பதினோரு வருடம் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாலையில் பனி வாரும்போது, ஏரியில் துளை போட்டு மீனுக்குக் காத்திருக்கும்போது, சானா என்ற நீராவி அறையில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் யார் இருந்தாலும் சொல்வேன். படித்தவள். பார்த்தவள். பார்த்ததைச் சொல்லாதவள்.

இப்போது அம்மா என்னோடு பேசி ஐந்து வாரம் ஆகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சாப்பாடு வைக்கிறாள். நான் அவள் காலுக்கான மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்தால் எடுத்துக்கொள்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. நியாயம்தான். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நான் பரப்பிய கதையை வைத்து அக்காவை இனி ஒருவரும் பேசக்கூடாது. அதற்காக எழுதுகிறேன்.

ஐலா பதினேழு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளியை மூடினார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் அவள் புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று மேற்கே போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அக்காவுக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், கம்யூனிட்டி காலேஜில் சேரப்போகிறேன் என்றாள்.

"என்ன படிக்கப்போறே?" என்றார் அப்பா.

"அல்ட்ராசவுண்ட்ப்பா. உடம்புக்குள்ள ஒலியை அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியை வச்சுப் படம் பார்க்கிறது."

"அதுக்கு ரெண்டு வருஷமா? என் படகுல இருக்கிற மீன் தேடுற மெஷினும் அதைத்தானே பண்ணுது?"

"உங்க மெஷின் ஏழு வருஷமா பாறையை மீன்னு காட்டிட்டு இருக்கு. நீங்களும் தூண்டில் போட்டுட்டு இருக்கீங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. ஐலா எது சொன்னாலும் அவருக்குக் கோபம் வராது.

அந்தப் படிப்புக்குப் பன்னிரண்டு இடம்தான். முதல் வருடம் கிடைக்கவில்லை. இயற்பியலில் மதிப்பெண் போதாது என்றார்கள். முதியோர் இல்லத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே மறுபடி இயற்பியல் படித்தாள். அடுத்த வருடம் பன்னிரண்டாவது ஆளாக உள்ளே போனாள். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபது வயது. "பாட்டி, பேனா இருக்கா?" என்று கேட்கிறார்கள் என்று வந்து சொல்வாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

முதல் இலையுதிர் காலத்தில் என்னிடம் வந்து, மான் அடித்தால் ஈரலைப் பித்தப்பையோடு சிதைக்காமல் கொண்டுவா, வெட்டிப் பார்க்க வேண்டும் என்றாள்.

"மானுக்குப் பித்தப்பையே கிடையாது, டாக்டரம்மா" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். நான் அந்தக் கதையை மதுக்கடையில் ஒரு மாதம் ஓட்டினேன்.

அவள் பழகியது எனக்குத் தெரியும். உருளைக்கிழங்கு மூட்டையைச் சோபாவில் படுக்கவைத்து, அதன்மேல் சோப்புக் கட்டியை அழுத்தி நகர்த்துவாள். கண் டிவியில் இருக்கும். கையைப் பார்க்காமல் கை போக வேண்டுமாம். மணிக்கட்டை ஒரு நூல் அளவு சாய்த்தால் படம் வேறாகிவிடுமாம். ராத்திரி தோள்பட்டையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். உருளைக்கிழங்குக்கு எத்தனை மாதம் என்று நான் கேட்பேன். "இரட்டைப் பிள்ளைடா, உன்னை மாதிரியே குண்டா இருக்கு" என்பாள்.

மூட்டையில் பழகினால் போதாது, மனிதர்கள் வேண்டும். மாணவர்கள் அவரவர் சொந்தக்காரர்களைக் கூட்டிவர வேண்டும். வருகிறவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இது பயிற்சி, பரிசோதனை அல்ல, மாணவர் தான் பார்த்தது எதையும் உங்களிடம் சொல்லமாட்டார் என்று அதில் இருக்கும். சர்ச்சில் பாதிப்பேர் அவளுக்காகப் பட்டினி கிடந்து வயிற்றைக் காட்டினார்கள். அப்பாவின் முறை இரண்டாம் வருடம் நவம்பர் பதினான்காம் தேதி வந்தது.

பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும் நாள். எங்கள் பக்கத்தில் அன்று கல்யாணம் வைக்கமாட்டார்கள், பல் பிடுங்கமாட்டார்கள். அப்பாவும் நானும் முப்பது வருடமாகப் பதினான்காம் தேதி மத்தியானமே காட்டுக் குடிலுக்குக் கிளம்பிவிடுவோம். போகிற வழியில்தான் காலேஜ், முடித்துக்கொண்டு அப்படியே போகலாம் என்று அப்பா ஒப்புக்கொண்டார். என் சின்ன லாரியின் பின்பெட்டியில் துப்பாக்கிகள், படுக்கை, அம்மா இறைச்சி அடைத்துச் சுட்டுக் கட்டிய பதினெட்டு பாஸ்டி ரொட்டி. காலையிலிருந்து ஒன்றும் தின்னாமல் இருந்த அப்பாவுக்கு அந்த இறைச்சி வாசனையே பெரிய தண்டனை.

நான் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கைக் குறைத்திருந்தார்கள். அப்பா சட்டையைத் தூக்கிவிட்டுப் படுத்திருந்தார். ஐலா ஜெல்லைப் பிதுக்கி வயிற்றில் தடவினாள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்கப்பா."

"எவ்வளவு நேரம்? நானே மீனாயிடுவேன் போலிருக்கு."

அவள் சிரித்தாள். கருவியை நகர்த்தினாள். பிறகு சிரிப்பு நின்றது. கையும் நின்றது. திரையில் எனக்குச் சாம்பல் நிறப் பனிதான் தெரிந்தது. அவள் எதையோ அளந்தாள். அழித்துவிட்டு மறுபடி அளந்தாள். பிறகு எழுந்துபோய் அவளுடைய ஆசிரியை திருமதி டோர்னைக் கூட்டிவந்தாள். அந்தம்மா கருவியை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"பத்து நிமிஷம் இருங்க மிஸ்டர் காங்காஸ். எங்க டாக்டருக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்."

அப்பா சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. குடிலுக்கு இரண்டரை மணி நேரம், ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். ஜெல்லைச் சட்டையாலேயே துடைத்துக்கொண்டு பூட்ஸை மாட்டினார். "அந்தம்மா நிதானமா பேசட்டும். நீ போய் வண்டியைச் சூடு பண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நடைவழியில் காசு போட்டால் சிப்ஸ் தரும் இயந்திரத்தைப் பார்த்து நடந்தார்.

நான் லாரியில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டேன். ஐலா ஓடிவந்தாள். கோட்டு இல்லை. மெல்லிய நீலச் சீருடை, தலையில் பனி. விரல்களில் இன்னும் ஜெல். கண்ணாடியைத் தட்டினாள்.

"ரூடி, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. அவசரப் பிரிவுக்கு. குடிலுக்குப் போகாதே, வீட்டுக்கும் போகாதே. வழியில எங்கேயும் நிக்காதே."

"என்னத்தைப் பார்த்தே?"

"சொல்லக்கூடாதுடா. சொல்ற அளவுக்கு நான் இன்னும் ஆளும் இல்லை. நீ போ."

"நாளைக்கு என்ன தேதின்னு தெரியுமா உனக்கு?"

"எனக்குத் தெரியாதா? போ. அவர் கத்தினா என் மேல பழியைப் போடு."

"சரி" என்றேன்.

நான் தலையாட்டுவதைப் பார்த்த பிறகுதான் அவள் உள்ளே போனாள். இதை நான் பதினோரு வருடம் யாரிடமும் சொன்னதில்லை. சரி என்று சொன்னேன்.

அப்பா வந்து ஏறினார். "என்னவாம் அவ?"

"ஒண்ணுமில்லை. பார்த்துப் போகச் சொன்னா."

முதல் சிக்னலில் இடது பக்கம் ஆஸ்பத்திரி. நான்கு நிமிடம். அப்பா சிப்ஸைக் கொறித்துக்கொண்டே, "அந்த எட்டுக் கிளைக் கொம்பு மான் இந்த வருஷமும் ஏமாத்திட்டுப் போகட்டும் பார்ப்போம்" என்றார். இந்தப் படிப்புக்காரர்கள் எதையாவது பார்த்துப் பயப்படுவார்கள், மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன். பச்சை விழுந்தது. வலது பக்கம் திரும்பினேன்.

ஐலா சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்கிறாள். யார் வந்திருக்கிறார்கள் என்று போனில் சொல்வதில்லை என்றார்கள். நான் அழைத்துப்போயிருப்பேன் என்று நம்பினாள். என் போனுக்குக் காட்டில் சிக்னல் கிடையாது.

மறுநாள் விடியும்போது குடிலிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்தார். "முதுகு பிடிச்சுக்கிச்சுடா" என்றார். அவ்வளவுதான். சறுக்குப் பலகையில் படுக்கவைத்து லாரிவரை இழுத்துப்போவதற்குள் முடிந்துவிட்டது. இதயத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய ரத்தக் குழாய் பலூன் மாதிரி வீங்கி வெடித்தது என்றார்கள். முந்தின நாள் கூட்டிவந்திருந்தால் சரிசெய்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் நான் கேட்காமலேயே சொன்னார்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "முந்தின நாள்தானே அவ மெஷினை வச்சுப் பார்த்தா? உன்கிட்ட ஏதாவது சொன்னாளாடா?"

நான், "இல்லை. ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் முந்திக்கொண்டது. ஐலா அப்போது கெட்டிலோடு காபி ஊற்றிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தாள்.

"பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டியாமே" என்றாள் அம்மா, நாலு பேர் கேட்க. "உன் பரீட்சைதான் பெரிசாப் போச்சு."

ஐலா என்னைப் பார்த்தாள். நான் கோப்பைக்குள் பார்த்தேன். அவள் அடுத்த மேசைக்கு ஊற்றப் போனாள்.

அந்தக் கணத்தில் அவள் மறுத்திருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று பல வருடம் எண்ணிக்கொண்டேன். அதுவும் பொய். போகப்போக எனக்கு வேறொரு வழி கிடைத்தது. போ என்றுதானே சொன்னாள், ஏன் என்று சொன்னாளா? வெடித்துவிடும் என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேனா? இப்படித் திருப்பித் திருப்பி உருட்டியதில் என் குற்றம் அவள் குற்றமாக உருண்டு வந்துவிட்டது.

அவள் அடுத்த மே மாதம் படிப்பை முடித்தாள். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் தேறினார்கள், அவள் இரண்டாவது. விழாவில் சட்டையில் சின்னம் குத்திவிட வீட்டு ஆள் ஒருவர் மேடைக்கு வர வேண்டும். அம்மா போகவில்லை. நானும் போகவில்லை. திருமதி டோர்ன்தான் குத்திவிட்டாராம். பிறகு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்தாள். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதியைப் பெற்றவளுக்கு முன்பே பார்த்தவள் அவள். கடையில் வழிமறித்து, பையனா பெண்ணா என்று கெஞ்சுவார்கள். "டாக்டர் சொல்வார்" என்பாள். ஊரில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் நான். கிறிஸ்துமஸுக்கு அவள் ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவருவாள். அம்மா வாங்கி வைப்பாள், வெட்டமாட்டாள்.

இந்த ஜனவரியில் அம்மாவின் இடது கால் வீங்கியது. கெண்டைக்கால் சிவந்து, தொட்டால் சுட்டது. ரத்தம் கட்டியிருக்கலாம், கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆளே போய்விடும், தள்ளிப்போடாமல் ஸ்கேன் எடுங்கள் என்றார் டாக்டர். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்தார்கள். அம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை.

"பார்த்துட்டு வாயை மூடிக்கிற கூட்டம். உங்க அப்பாவை முழுங்கினது போதும். என் காலை அவங்க கையில குடுக்கமாட்டேன்."

எண்பத்துநாலு வயது அம்மா என் பொய்யைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் என்ன செய்தேன்? வேலைக்குப் போனேன்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடத்தில் பனி வாரும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐலா வெளியே ஓடிவந்தாள். அன்றைக்குப் போலவே கோட்டு இல்லை. தலை நரைத்திருந்தது. விரல்களில் ஜெல்.

"அம்மா வரலையே. கால் எப்படி இருக்கு?"

"பூட்ஸ் ஏறலை. செருப்போட உட்கார்ந்திருக்காங்க."

"ஏன் வரமாட்டேங்கிறாங்க?"

உன்னால்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. பதினோரு வருடப் பழக்கம். அவள் விரல்களைப் பார்த்தேன்.

"என்னாலதான்" என்றேன். "அன்னிக்கு நீ ஒண்ணுமே சொல்லலைன்னு நான்தான் அம்மாகிட்ட..."

"தெரியும்டா. கெட்டிலோட நின்னப்பவே தெரியும்."

"அப்போ ஏன் சொல்லலை?"

"அன்னிக்குச் சொல்லியிருந்தா, அப்பாவைப் புதைச்ச நாள்லயே அம்மா உன்னையும் சேர்த்துப் புதைச்சிருப்பாங்க. வீட்டுல கூட இருக்க வேற யாரு?" கையைச் சீருடையில் துடைத்தாள். "அப்புறம் கோபம். நீயா சொல்றியான்னு பார்ப்போம்னு இருந்தேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். நீ ஒண்ணும் கரையற ஆள் இல்லை. கல்லு."

நான் லாரியை விட்டு இறங்கினேன். அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் வண்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன்.

"அதெல்லாம் அப்புறம்" என்றாள் அக்கா. தன் கார்ச் சாவியை என் கையுறைக்குள் திணித்தாள். "லாரி இங்கேயே கிடக்கட்டும். என் காரை எடுத்துக்கோ. அன்னிக்கு நான் இந்த மாதிரி நின்னு உன்கிட்ட என்ன சொன்னேனோ, அதை ஒரு வார்த்தை விடாம அம்மாகிட்ட சொல்லு. நீ சரின்னதையும் சொல்லு. சொல்லிட்டுக் கூட்டிட்டு வா. நேரா வா, ரூடி. வழியில எங்கேயும் நிக்காதே."