பஸ்ஸில் அப்பாவுக்கு ஓர் இடம்

பேய், பிசாசு, ஆவி எதையும் நான் நம்புகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் என்னை இத்தனை வருடமாகத் தெரிந்தவர்கள், "உவருக்கு வயது போகப் போக மண்டை கழண்டிட்டுது" என்று கதைப்பார்கள். எங்கள் தேவாலயச் சபையில் யாராவது குரல் கேட்டது, ஒளி தெரிந்தது என்று சாட்சி சொல்ல எழும்பினாலே நான் மெல்ல நழுவிக் கோப்பி போடப் போய்விடுவேன். மகளுக்கு இந்தக் கதையை ஒருமுறை சொன்னேன். அவள் டேனிஷில் "நேய், அப்பா", அதாவது இல்லை என்று சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நீங்களும் சிரிக்கலாம், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடம், ஹேர்னிங்கில் ஒரு பின்னல் துணித் தொழிற்சாலையில் வேலை, தனிக்கட்டை. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் நடந்த கூத்து எனக்கும் நடந்திருந்தது. நாங்கள் அப்பாவின் பெயரை முன்னால் எழுதி எங்கள் பெயரைப் பின்னால் எழுதுகிறவர்கள் அல்லவா? நான் அருளையா தேவராஜன் என்று எழுதிக் கொடுத்தேன். இங்கே முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர். பொலிசிலும் கொமூன் என்கிற நகரசபையிலும் தொழிற்சாலையிலும் நான் அருளையா ஆகிவிட்டேன். திருத்துவதற்கு முதலில் டேனிஷ் போதவில்லை, டேனிஷ் வந்தபிறகு திருத்த வெட்கமாக இருந்தது. அப்பாவோடு கோபித்துக்கொண்டு வந்தவன், நாள் முழுக்க அப்பாவின் பெயருக்கு "யா, யா" என்று பதில் சொல்லித் திரிந்தேன்.

கோபம் என்றால் சின்னக் கோபம் இல்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். பழைய ஃபெல்ட் தொப்பி ஒன்று போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். கொழும்பைத் தாண்டி எங்கும் போனதில்லை, ஆனால் கரும்பலகையில் ஒரே இழுப்பில் பிரிட்டன் வரைபடத்தைக் கீறுவார். ஸ்கொட்லாந்தின் எல்லையில் எந்த ஆறு ஓடுகிறது, எந்த மடாலயம் இடிந்து கிடக்கிறது, எந்தக் கவிஞர் எந்தப் பாலத்தில் நின்று பாடினார், எல்லாம் விரல் நுனியில். "கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் அங்க வழி பிடிச்சுப் போவன்" என்பார். நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அவருக்கு அது பிடிக்கவில்லை, படிப்பை அரைவாசியில் விட்டுவிட்டு ஓடுகிறாய் என்று ஏசினார். எனக்கும் சூடேறிவிட்டது. "நீங்கள் படத்திலயே இங்கிலாந்தைப் பாத்துக்கொண்டு இருங்கோ, நான் போறன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன உடனே தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது என்று. வழியனுப்ப அவர் வாசலுக்கும் வரவில்லை. அதன்பிறகு அம்மாதான் கடிதம் எழுதுவார். நான் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன், அப்பா கையால் ஒரு வரி இருக்கிறதா என்று. இரண்டு வருடமாக ஒரு வரி கிடையாது.

அந்த நேரத்தில்தான் கிர்ஸ்டன் வந்து கேட்டாள். அவள் எனக்கு மாலைப் பள்ளிக்கூடத்தில் டேனிஷ் படிப்பித்தவள். அதே பள்ளிக்கூடத்தில் இலக்கியம் படிக்கிற ஓய்வுபெற்றவர்களை ஒவ்வொரு கோடையிலும் எங்காவது கூட்டிக்கொண்டு போவாள். அந்த முறை எஸ்பியர்க்கில் கப்பல் ஏறி நியூகாசில், அங்கிருந்து பஸ்ஸில் வட இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தின் தென்பகுதியும். கவிஞர் வீடுகள், பழைய கோட்டைகள், இடிந்த மடாலயங்கள். "உனக்கு ஆங்கிலக் கவிதை தெரியும்தானே, நீயும் வா" என்றாள். அப்பாவின் கரும்பலகை முழுக்க அந்தப் பயணத் திட்டத்தில் இருந்தது. போகிற இடமெல்லாம் ஒரு தபாலட்டை வாங்கி அப்பாவுக்குப் போடுவது, அவர் எழுதுகிறாரா இல்லையா பார்ப்பது என்று முடிவெடுத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு வரிக்காகத்தான் நான் போனேன்.

பள்ளிக்கூடப் பத்திரத்தில் கிர்ஸ்டன் என்னை அருளையா என்று பதிந்திருந்தாள். கப்பல் பத்திரத்தை நான் எழுதியபோது தேவராஜன் என்று எழுதிவிட்டேன். பயணிகள் பட்டியலைத் தட்டச்சில் அடித்தவர் இரண்டு ஆட்கள் என்று நினைத்து இரண்டு பெயரையும் போட்டு, பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடமும் கொடுத்துவிட்டார். கப்பலில் வைத்து இதை நான் விளக்கினேன். கிர்ஸ்டனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப ரெண்டு வருசமா நான் உன்னை உன்ரை அப்பாவின்ரை பேரிலயா கூப்பிட்டனான்?" அவள் கேட்டது டேனிஷில்தான், நான் தமிழில் சொல்கிறேன்.

"ஓம்" என்றேன்.

பஸ்ஸில் இடம் தாராளமாக இருந்ததால் பட்டியலை அவள் மாற்றவில்லை. அன்றிலிருந்து நான் தேவராஜன், பக்கத்து ஜன்னலோர ஆசனம் அருளையாவுடையது. என் பையை அதில் வைத்திருந்தேன். ஒவ்வொரு இடத்திலும் பஸ் வெளிக்கிட முன்னர் கிர்ஸ்டன் பெயர் கூப்பிட்டு அடையாளம் போடுவாள். அருளையா என்று வரும்போது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நடைவழிக்கு அந்தப் பக்கம் எனக்கு நேரே இங்கர் என்றொரு அம்மா, முன்பு தபால் கந்தோரில் வேலை செய்தவர், எழுபது வயதிருக்கும், "அப்பா இன்னும் கோப்பி குடிச்சு முடிக்கேல்லை" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். எனக்கு ஒரு கறுப்பு லக்ரிஸ் இனிப்பு தந்துவிட்டு, ஒன்றை அந்தப் பையின் மேலும் வைப்பார். நல்ல சனங்கள். பாண் பெட்டியும் கோப்பிப் போத்தலுமாக அவர்களோடு திரிந்த அந்த ஒரு கிழமையை நினைத்தால் இப்போதும் மனம் குளிர்ந்துவிடும்.

நாலாம் நாள், வியாழக்கிழமை. ஸ்கொட்லாந்து எல்லைக்குள் ஓர் இடிந்த மடாலயம். நடுப்பகல்தான், ஆனால் ஜூலையில்கூட அப்படியொரு குளிர், பொசுபொசுவென்று தூறல். பஸ்ஸை விட்டு இறங்கி ஆற்றங்கரையால் நடந்து வளைவைத் தாண்டியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். கூரை இல்லாத சுவர், நடுவில் உயரமான ஜன்னல், வலது பக்கம் ஆறு வளைந்து போகிறது, அதன்மேல் கல் பாலம். அப்பா வரைபடத்துக்குப் பக்கத்தில் பலகையில் கீறிக் காட்டுவது இதைத்தான். சோக்கட்டித் தூள் அவரின் சேர்ட் கையில் படிந்திருப்பதுகூட ஞாபகம் வந்தது. "அப்பா, நீங்களல்லோ இதைப் பாத்திருக்கவேணும்" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அந்த உயரமான ஜன்னலின் கீழே எல்லாரும் கூடி நின்று படம் எடுத்தோம். கமெரா என்னுடையது, எடுத்தவர் பஸ் சாரதி. குளிருக்கு ஆளோடு ஆள் நெருக்கிக்கொண்டு நின்றோம். நான் கம்பளித் தொப்பியைக் காது மூட இழுத்து விட்டிருந்தேன்.

பஸ்ஸுக்குத் திரும்பி வந்து ஏறினோம். நான் ஈரக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்க, கிர்ஸ்டன் பட்டியலைப் படிக்கத் தொடங்கினாள். அருளையா என்றாள்.

பக்கத்தில் ஒரு செருமல். அதன்பிறகு, "ஓம், இருக்கிறன்."

நம்பினால் நம்புங்கள், அப்பா அப்படித்தான் சொல்லுவார். சபைக் கூட்டமோ சங்கக் கூட்டமோ, பெயர் கூப்பிட்டால் முதலில் ஒருமுறை செருமிவிட்டு, "ஓம், இருக்கிறன்." கிர்ஸ்டன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இங்கரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். ஆசனம் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் என் பை அதில் இல்லை, கீழே என் காலடியில் நேராக வைக்கப்பட்டிருந்தது. இறங்கும்போது நான் அதைத் தொடவே இல்லை.

பயம் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பையை எடுத்துத் திரும்ப மேலே வைக்க மட்டும் மனம் வரவில்லை. அடுத்த ஊரில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது கிர்ஸ்டனிடம் போய், அருளையா என்று கூப்பிட்டபோது பதில் சொன்னது யார் என்று கேட்டேன்.

"நீதானே" என்றாள்.

"என்ன சொன்னனான்?"

அவள் யோசித்துவிட்டு, டேனிஷ் நாக்கால் இழுத்து இழுத்துச் சொன்னாள்: "ஓம், இருக்கிறன்." தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாதவள் அவள்.

சரி, நானே என்னை அறியாமல் சொல்லியிருப்பேன், மனம் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்ததுதானே என்று நினைத்து அதை அங்கேயே மூடிவிட்டேன். பையையும் நான்தான் இறக்கி வைத்திருப்பேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஹேர்னிங் வந்து சேர்ந்தேன், திங்கட்கிழமை வேலைக்கும் போய்விட்டேன்.

மூன்றாவது கிழமை அம்மாவின் கடிதம் வந்தது. வழக்கம்போல முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அம்மாவின் எழுத்துக்குக் கீழே அப்பாவின் எழுத்து. சாய்வான, வாத்தியார் எழுத்து.

"படத்துக்கு நிற்கும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும். நான் கழற்றினேன். நீ கழற்றவில்லை."

அவ்வளவுதான். அம்மா மேலே எழுதியிருந்தார்: "அப்பா பின்னேரம் சாய்மனைக் கதிரையிலை நித்திரையாகி, எழும்பினவுடன 'அவன் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடிச்சு வைச்சிருந்தவன்' எண்டு சொன்னார். என்ன இடம், எங்கை எண்டு நான் கேட்க, கடிதத்தைத் தா, நானும் ஒரு வரி எழுதவேணும் எண்டு வாங்கி எழுதினார். ரெண்டு வருசத்துக்குப் பிறகு, தம்பி."

கடிதத்தின் தலைப்பில் இருந்த தேதி அந்த வியாழக்கிழமை. என்னுடைய தபாலட்டைகள் அங்கே போய்ச் சேர அதற்குப்பிறகு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. நான் பயணம் போகிறேன் என்றுகூட அவர்களுக்கு எழுதியிருக்கவில்லை.

குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே அழுதேன். ஏச்சுத்தான், ஆனால் எனக்கு அது போதும். அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் அப்பாவின் வரி ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஏதாவது பிழை பிடித்திருப்பார்.

சில வருடம் கழித்து அப்பா கொழும்பில் உறவினர் வீட்டுக்கு வந்து நின்றபோது தொலைபேசியில் கேட்டேன். "அப்பா, அந்தத் தொப்பி விசயம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் முதலில் ஒருமுறை செருமினார். "நீ கழட்டினனியோ, இல்லையோ?"

"இல்லை, அப்பா."

"அப்ப சரி" என்றார். அதற்குப் பிறகு டென்மார்க்கில் தக்காளி என்ன விலை என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அவர் கண்மூடும்வரை அந்தக் கதையை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.

அந்தப் படம் என்னிடம் இன்னும் இருக்கிறது. நான் தொப்பியோடுதான் நிற்கிறேன். எல்லாரும் குளிரில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்க, எனக்கும் இங்கருக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி. அப்படித் தள்ளி நின்றதாக எனக்கு ஞாபகமே இல்லை. எல்லாரும் கமெராவைப் பார்க்கிறார்கள், இங்கர் மட்டும் அந்த இடைவெளியைப் பார்த்துச் சிரிக்கிறார், யாரோ மரியாதையாக ஏதோ சொன்னதைக் கேட்டவர் மாதிரி. அவரிடம் கேட்க எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை. இங்கர் என் உயரம், நேராகப் பார்த்திருந்தால் என் காதைத்தான் பார்த்திருப்பார். அவருடைய பார்வை அதற்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. அப்பா என்னைவிட ஒரு சாண் கட்டை.