ஒற்றைக் கோடும் ஓரக் கையெழுத்தும்

அண்ணியும் என் வகுப்பிலேயே சேரப் போகிறார் என்று அண்ணன் சொன்னபோது, வாயில் வைத்த சாப்பாடு எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் முடிந்து பல்கலைக்கழகம் போகிறோம், இனிமேல் வீட்டுக் கண் நம் மேல் படாது என்று மிதப்பில் இருந்தவள் நான். அதில் மண்ணை அள்ளிப் போட்டார்கள். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தால், முன்வரிசையில் எங்கள் அண்ணி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார். மேஜை மேல் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. பக்கத்தில் ஸ்கேல் வேறு.

அண்ணி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷம் நர்ஸாக இருந்தவர். வகுப்பில் எல்லோரும் "சிஸ்டர்" என்றே கூப்பிட்டார்கள். பேராசிரியை கூட அப்படித்தான். கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர் எதற்குச் சமூகவியல் படிக்க வந்தார் என்று எனக்கு மண்டை குடைந்தது. கேட்டேவிட்டேன்.

"வார்டுல வயசானவர் ஒருத்தர் இருந்தார். பார்க்க யாரும் வர மாட்டாங்க. சாப்பாட்டைத் தள்ளிவெச்சிடுவார். நான் 'உணவு மறுத்தார்'னு எழுதுவேன். மறுநாளும் அதேதான். ஏன் மறுத்தார்னு எழுத அந்தத் தாள்ல இடமே இல்ல. அந்த இடம் எங்கயாவது இருக்கான்னு பார்க்கலாம்னு வந்தேன்."

ஆஸ்பத்திரி அவருக்குப் படிப்பு விடுப்பு கொடுத்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு வருஷம் தவறினாலும் விடுப்பு ரத்து, வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். அப்புறம் படிப்பு அவ்வளவுதான்.

எழுதுவது என்றால் எனக்குப் பரீட்சை, இல்லாவிட்டால் லீவு லெட்டர். என் லீவு லெட்டர்களில் எங்கள் தாத்தா அடிக்கடி ஆபத்தான நிலையில் இருப்பார். ஒரு தடவை அண்ணி அதை வாங்கிப் படித்துவிட்டு, "மூச்சுத்திணறல்னு எழுதியிருக்க, வயிறு சரியில்லன்னும் எழுதியிருக்க. எந்த டாக்டர் நம்புவார்?" என்று கேட்டார். தாத்தா அன்றைக்கே குணமாகிவிட்டார்.

அண்ணி எழுதியதோ வேறு மாதிரி. வகுப்புக் குறிப்பில் ஓரத்தில் நேரம் போட்டுக்கொள்வார். "10.20. கேள்வி கேட்கப்பட்டது. யாரும் பதில் சொல்லவில்லை." பரீட்சை நெருங்கியதும் அந்தக் குறிப்புக்கு வகுப்பே வரிசை கட்டியது. நூலகத்தைச் சாயங்காலம் சீக்கிரமே பூட்டிவிடுகிறார்கள் என்று நாங்கள் கத்திக் கூச்சல் போட்டுச் சுவரொட்டி ஒட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி மூன்றே வாக்கியத்தில் ஒரு மனு எழுதினார்: எத்தனை பேர் வேலை முடித்து வருகிறார்கள், வரும்போது கதவு எப்படி இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருந்தால் போதும். நேரத்தை நீட்டித்தார்கள். புரியாத பாடம் வந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பிப்பார். "எழுதிப் பார்த்தாதான் எனக்கு எது புரியலன்னு தெரியுது" என்பார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எழுத்துக்குள் இத்தனை வேலை இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை.

ஆனால் கட்டுரை என்று வந்தால் அண்ணி திணறிப்போனார். முதல் கட்டுரை திரும்பி வந்தபோது அடியில் பேராசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "இதில் நீங்கள் எங்கே?"

"நான் எங்கன்னா? அதான் பேர் மேலயே எழுதியிருக்கேனே!" என்றார் அண்ணி.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வார்டில் 'நான் நினைக்கிறேன்' என்று எழுதினால் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பாராம். கண்ணால் கண்டதை மட்டும்தான் எழுத வேண்டும். இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரு சொல்லை அடிக்க வேண்டுமென்றால் கறுப்பாகக் கிறுக்க மாட்டார். கீழே இருப்பது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு, பக்கத்து ஓரத்தில் குட்டியாகத் தன் சுருக்கக் கையெழுத்து. அவர் கட்டுரைகளில் எல்லாப் பக்கமும் அப்படித்தான். "சிஸ்டர், இது கேஸ் ஷீட் இல்ல" என்று பேராசிரியை கிண்டல் செய்துவிட்டு விட்டுவிடுவார்.

ஆண்டுத் தேர்வில் முதியவர்களின் தனிமையைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. வெளியே வந்த அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அந்த வார்டு ஆளைப் பத்தி எழுதிட்டேன். 'நான் நினைக்கிறேன்'னு எழுதினேன்டீ. மூணு தடவை!"

முடிவு வந்தது. நான் எப்படியோ கரையேறியிருந்தேன். அண்ணியின் எண்ணுக்கு எதிரே 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. இரண்டு நாளில் கடிதமும் வந்தது. விடைத்தாளில் எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும் எந்தக் குறியும் இருக்கக் கூடாது என்பது விதி. அண்ணியின் தாளில் ஓரமெல்லாம் கையெழுத்து. திருத்துபவருக்குக் கொடுத்த சைகையாக இருக்கலாம் என்று சந்தேகம். விசாரணைக் குழுவின் முன் வர வேண்டும். குற்றம் உறுதியானால் இரண்டு வருஷம் தேர்வு எழுத முடியாது.

அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அலுவலகத்தையே தலைகீழாகப் புரட்டியிருப்பேன். அண்ணி மட்டும் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேர் எழுதக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஒரு இடத்துலயும் எழுதல. இது எப்ப போட்டேன்னே தெரியல" என்றார்.

"வாதாடாதீங்க அண்ணி. 'அறியாமையால் செய்த தவறு, மன்னிக்கவும்'னு எழுதிக் கொடுத்துடுங்க. அவங்களுக்கு அதுதான் பிடிக்கும்" என்றேன். லீவு லெட்டரில் கைதேர்ந்தவள் அல்லவா நான். அவர் மறுத்தார். இரண்டு வருஷம் போனால் விடுப்பும் போய்விடும் என்று பயமுறுத்தினேன். சரி என்று தலையாட்டினார்.

துணைக்கு ஒருவர் வரலாம் என்றதால் நானும் உள்ளே போனேன். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவந்த சான்றிதழை நீட்டினார். எழுதியதை அடித்தால் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது அங்கே விதி என்று அதில் இருந்தது.

தலைவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "விதி இருக்குன்னு சொல்றாங்க, சரி. ஆனா தேர்வுல நீங்க வேணும்னே போடலன்னு இது சொல்லலையே. இங்கயே உட்கார்ந்து, நடந்ததை உங்க கைப்பட எழுதிக் கொடுங்க."

அண்ணி எழுத ஆரம்பித்தார். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். "இது என் அறியாமையால் நிகழ்ந்த தவறு" என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே எழுதினார். அங்கே பேனா நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு "அறியாமையால் நிகழ்ந்த தவறு" என்பதன் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் குட்டியாகக் கையெழுத்துப் போட்டார். மேலே "பதினைந்து வருடப் பழக்கம்" என்று எழுதிவிட்டுத் தொடர்ந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவருக்கோ தான் என்ன செய்தோம் என்பதே தெரியவில்லை.

தலைவர் தாளை வாங்கினார். பாதி படித்ததும் விடைத்தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். மற்ற இருவரும் குனிந்தார்கள்.

"இங்க ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

அண்ணி எட்டிப் பார்த்தார். கை தானாக வாய்க்குப் போயிற்று. "ஐயையோ! மறுபடியும் போட்டுட்டேனா?"

குழுவில் இருந்த அம்மா ஒருவர் சிரித்தேவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. "தவறுன்னு எழுதிட்டு ஏன் அடிச்சீங்க? அப்படியே விட்டிருந்தா மன்னிப்பாவது கேட்ட மாதிரி இருந்திருக்குமே."

"இவதான் அப்படி எழுதச் சொன்னா சார்" என்று என்னைக் காட்டினார் அண்ணி. பூமி பிளந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. "எழுதினேன். ஆனா கை ஒத்துக்கல. வார்டுல மருந்தளவு மாத்தி எழுதினா, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியணும், மாத்தினது யாருன்னும் தெரியணும். அடுத்து வர்றவங்க அதை நம்பித்தான் ஊசி போடுவாங்க. நான் ஒளிய முடியாது சார்."

பேராசிரியை கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. அண்ணி எங்கே, அண்ணி எங்கே என்று வருஷம் முழுக்கத் தேடினார்களே, அவர் அத்தனை நாளும் அந்த ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பக்கத்தில் நிற்கவே கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

ஓரங்களை மறைத்து வேறொருவர் திருத்தட்டும் என்று குழு முடிவு செய்தது. இனிமேல் தேர்வில் கையெழுத்து வந்தால் மன்னிப்பே கிடையாது என்று எச்சரித்தும் அனுப்பியது. அண்ணி நல்ல மதிப்பெண்ணோடு தேறினார். அந்த முதியவர் பதிலுக்குத்தான் அதிகம் போட்டிருந்தார்கள்.

அடுத்த வருஷத் தேர்வில் அண்ணிக்கு இரண்டு வரிசை பின்னால் எனக்கு இடம். ஒரு சொல்லை அடித்தார். பேனா ஓரத்துக்குப் போனது. என் மூச்சு நின்றது. பேனாவும் நின்றது, தாளுக்கு ஒரு விரல் உயரத்தில். அங்கேயே, காற்றில், குட்டியாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணி அடுத்த வரிக்குப் போனார்.

"என்னம்மா, முன்னாடி என்ன பார்வை? உன் தாளைப் பாரு" என்று கண்காணிப்பாளர் என்னை அதட்டினார்.