நூற்றிருபது மோட்டாரில் ஓர் அதிபர்

எங்கள் ஊர் கணபதியில் மாமாவின் பம்ப் பட்டறைக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தபோது மெயில் எழுதும் வேலை எனக்கு. சோவியத்திலிருந்து பிரிந்த ஒரு சின்ன நாடு. இன்றும் அங்கே அனுப்புகிறோம், அதனால் பெயர் வேண்டாம். கிராமத் தண்ணீர்த் திட்டத்துக்கு நூற்றிருபது மோட்டார்.

அரசாங்கத் திட்டம் என்றதும் மாமாவுக்கு நம்மூர் இலவச மிக்ஸியும் பள்ளிக்கூடப் பையும் ஞாபகம் வந்துவிட்டன. தலைவர் படம் இல்லாமல் எது வருகிறது?

"அவிய அதிபர் படத்த ஒட்டிப்போட்டா மருவாதையா இருக்குமில்ல அம்மணி?"

"அங்க தேர்தல் நடக்குதுங்க மாமா."

"அவரு செயிப்பாரா?"

அந்தத் தேர்தலை நான் விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்றில் அதிபர்தான் முன்னிலை; பாதி ஓட்டுக்குக் கொஞ்சம் குறைந்ததால் முதல் இருவருக்கும் இன்னொரு சுற்று பாக்கி. அந்தப் பக்கத்து நாடுகளில் நாற்காலியில் இருப்பவர் தோற்பதில்லை என்று நானே ஒரு முடிவு கட்டியிருந்தேன். "அவரேதானுங்க" என்றேன். ஸ்டிக்கர் அடித்து, ஒட்டியும் ஆயிற்று.

இரண்டாம் சுற்றில், முன்பே தோற்றுப்போன மற்றவர்கள் எல்லாரும் எதிராளி பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அதிபர் தோற்றார். செவ்வாய்க்கிழமை கண்டெய்னர் ஏற்ற வேண்டும். திங்கள் காலை பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். தோற்றவர் படத்தோடு இறங்கினால் புது அரசு சரக்கைத் திருப்பிவிடுமோ என்று பயம்.

மாமா திட்டவில்லை. "தோத்தவரு ஒத்துக்கிட்டாரா?"

"செயிச்சவருக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லிட்டாருங்க."

"பரவால்லியே. நீயும் ஒத்துக்கிட்டு உரிக்க உக்காரு."

தின்னர் போட்டால் பெயிண்டும் சேர்ந்து வந்தது. வீட்டிலிருந்து என் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து சூடு காட்டி, நகத்தால் உரித்து, பசையைத் தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்தோம். சாயங்காலம் எல்லாம் முடிந்தபோது ஒவ்வொரு மோட்டாரிலும் சதுரமாக ஒரு வெளிறிய தடம் நின்றது.

"புதுசா வந்தவர ஒட்டிரலாமுங்களா?" என்றார் மோட்டாருக்கு வைண்டிங் கம்பி சுற்றும் பாய்.

மாமா என்னைப் பார்த்தார். இந்த முறை நானாக முடிவு கட்டாமல் வாங்குபவருக்கே மெயில் போட்டேன். அரை மணியில் பதில் வந்தது. யார் படமும் வேண்டாம், இங்கே அந்தப் பழக்கமே இல்லை, பழுதானால் கூப்பிட ஒரு நம்பர் இருந்தால் போதும்.

தடம் மறைகிற அளவுக்கு மாமாவின் செல் நம்பரைப் பெரிதாக அடித்து ஒட்டினோம். மறுநாள் கண்டெய்னர் கிளம்பியது.

எப்போதாவது அந்த நாட்டு விவசாயி யாராவது கூப்பிடுகிறார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் மாமா, "ஏனுங்க, மோட்டாரு ஓடுதுங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் போனை என்னிடம் தருவார்.