நான் சொல்லிக்கொடுக்கவில்லை

என் தங்கச்சிக்கு மூளை அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பொறாமையில் பேசுகிறேன் என்பீர்கள். எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் போதும், பக்கத்து இலைக்காரர் யாராவது என் பக்கம் சாய்ந்து, "அன்னிக்கு நீ மட்டும் கெடுக்காம இருந்தா உன் தங்கச்சி இன்னிக்கு கலெக்டரு" என்பார். பாயசம் ஊற்றுகிற நேரத்தில் நான் சண்டை போட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கரி இறக்குகிற வேலை. நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா காசிமேட்டுப் பக்கம் இறால் ஷெட்டில் உரிக்கப் போனாள். விடிகாலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கையை வைத்து உரிக்க வேண்டும். அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய், ஓடு கிழித்த கோடுகளோடு இருக்கும். புளியைக் கரைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். படிப்பு நின்றுபோன பெண்பிள்ளைகள் எங்கள் வரிசையிலிருந்து நேராகப் போகிற இடம் அந்த ஷெட்தான்.

நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தபோது வீட்டுக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பேன். தங்கச்சியைப் பக்கத்தில் உட்கார விடமாட்டேன். எச்சில் ஒழுகும், பக்கம் நனைந்துபோகும். அவள் எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். அப்படிப் பார்த்தே எழுத்தெல்லாம் பிடித்துக்கொண்டாள். எதிரிலிருந்து பார்த்ததால் எல்லா எழுத்தும் அவளுக்குத் தலைகீழாகத்தான் அறிமுகம். பள்ளிக்கூடம் போன பிறகுதான் நேராகவும் படிக்கப் பழகினாள்.

எங்களுடையது கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் வெளியே போக அனுமதி கேட்க சார் மேஜைக்குப் போயிருக்கிறாள். சார் பேப்பரை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இவள் எதிரில் நின்றபடி, "எண்ணூராண்ட படகு கவுந்துட்ச்சா சார்?" என்று கேட்டாள். சார் முதலில் நம்பவில்லை. வேறொரு இடத்தில் விரலை வைத்தார். படித்தாள். இன்னொரு இடம். அதையும் படித்தாள். சார் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்கு ஓடினார். இவள் வெளியே போக முடியாமல் காலைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

"யாரு கத்துக்குடுத்தா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோது, "அக்கா எதிர்ல உக்காந்து" என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் சிரித்தார்களாம். பிறவியிலேயே வந்த ஞானம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த வருஷம் அவளுக்கு டபுள் புரோமோஷன். இரண்டிலிருந்து நேராக நான்கு. நான் மூன்றிலிருந்து நான்குக்குப் போனேன். ஆக, வயதைக் கூட்டிச் சொல்லி ஒரு வருஷம் முன்பே பள்ளியில் சேர்த்திருந்த, இரண்டு வயது சின்னவள் என் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா, "நல்லதாப் போச்சு, ரெண்டுத்துக்கும் ஒரே புஸ்தகம் போதும்" என்றாள். வகுப்புப் பசங்கள் என்னை, "இன்னாமே, அடுத்த வருசம் உன் தங்கச்சிகிட்ட நீ டியூசனா?" என்று கேட்டார்கள். ஒருத்தனை அடித்தேன். சார் என்னை அடித்தார்.

நான்காம் வகுப்பு முழுக்க அவளை வேடிக்கை காட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வந்தாலும் சரி, பால் பவுடர் மூட்டை இறக்க வந்தவர் வந்தாலும் சரி, சாருடைய மச்சான் வந்தாலும் சரி, தங்கச்சியைக் கூப்பிட்டுப் பேப்பரைத் திருப்பிப் போட்டு வைப்பார்கள். படிப்பாள். ஒரு பெப்பர்மின்ட் கொடுப்பார்கள். என்ன படித்தாய், அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ஐந்தாம் வகுப்பில்தான் அநியாயம் ஆரம்பித்தது. டவுன் பக்கம் ஹாஸ்டலோடு ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. ஏழைப் பிள்ளைகளில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணை வருஷா வருஷம் இலவசமாக எடுத்துக்கொள்வார்களாம். பையன்களுக்கு இன்னொரு இடம். எங்கள் பள்ளியிலிருந்து யாரையாவது உள்ளே நுழைத்துவிட வேண்டும் என்று சாருக்கு வெறி. வகுப்பிலிருந்து ஐந்து பேரைப் பொறுக்கி முன் பெஞ்சில் உட்கார வைத்தார். தங்கச்சி அதில் முதல் ஆள்.

"இந்த அஞ்சு தேறும். மத்ததுங்களுக்கு நான் தொண்டை கிழிய கத்தினாலும் ஒண்ணுதான், கத்தலைன்னாலும் ஒண்ணுதான்" என்று எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் சொன்னபடியே செய்தார். மதியம் சாப்பாடு முடிந்ததும் அந்த ஐந்து பேருக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பாடம். மற்றவர்கள் எல்லாம் வராண்டாவில். சத்தம் போடக் கூடாது. தண்ணீர்ப் பானை நிரப்ப வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான்.

டீக்கடைக்குப் போய்ப் போய் ஒரு பையன் எங்களுக்குப் பேர் வைத்தான். சோறு சாப்பிட்டு மணி அடித்ததும், "ஸ்பெஷல்லாம் உள்ள போ! சாதால்லாம் வெளிய வா!" என்று கத்துவான். நாங்களும் சிரித்துக்கொண்டே வெளியே வருவோம். இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சம்பளம் வாங்குகிற வாத்தியார். வகுப்பு எங்களுடையதும்தான். ஒரு வருஷ மதியம் முழுக்க எங்களுக்கு வாத்தியாரே இல்லை. இதை ஒரு பெற்றவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலேயே கேட்கவில்லை. எங்கள் வீட்டில்தான் ஸ்பெஷல் ஒன்று இருந்ததே.

பின்னக் கணக்கு மதியத்தில்தான் நடந்தது. அதனால் எனக்குத் தெரியாது. சாயங்காலம் தங்கச்சி ஸ்லேட்டோடு எதிரில் வந்து உட்காருவாள். எனக்கு நேராகத் தெரிய வேண்டும் என்று அவள் பக்கத்திலிருந்து தலைகீழாகவே எழுதிக் காட்டுவாள். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கேட்டதை யாரிடமாவது திருப்பிச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அதுவும் திட்டித் திட்டித்தான் சொல்வாள்.

"நாலுல ரெண்டுன்னா பாதி. இதுகூட தெரியலியா? அப்பளத்த ஒடச்சித் துன்னதே இல்லியா நீ?"

"நீதான் எனக்கு முழு அப்பளத்த எப்பவும் உட்டதில்லியே, எப்படித் தெரியும்?"

இப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

தேர்வு நாள் நெருங்கியபோது சார் வீட்டுக்கே வந்து நைனாவிடம் பேசினார். இடம் கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, புத்தகம் எல்லாம் இலவசம். ஆனால் டிரங்குப் பெட்டி, இரண்டு வெள்ளை கவுன், ஷூ, போர்வை எல்லாம் நாம்தான் வாங்கித் தர வேண்டும். சார் போன பிறகு நைனா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"சின்னது பெரிய ஸ்கூலுக்குப் போவட்டும். பெர்சு ஷெட்டுக்குப் போவட்டும். அத்து சம்பாரிச்சி இத்துக்கு பெட்டி வாங்கணும்."

அம்மா, "அதுவும் பாஸாயிடும்யா, ஆறாவது சேத்துடலாம்னு" என்று இழுத்தாள்.

"ரெண்டையும் படிக்க வச்சி இன்னா பண்ணப் போற? மூளை கீறது போவட்டும். இல்லாதது வேலைக்குப் போவட்டும். சாரே சொல்ட்டாரு, அஞ்சு தேறும்னு. இவ அஞ்சுல கீறாளா?"

நான் அந்த ஐந்தில் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தங்கச்சி எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறமும் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

டவுனுக்குப் பஸ்ஸில் போனோம். நைனா, சார், தங்கச்சி, நான். என்னை எதற்குக் கூட்டிப் போனார்கள் என்றால், அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. வயிற்றைப் புரட்டும்போது நான் முதுகைத் தடவி, சன்னல் பக்கம் தலையைப் பிடித்தால் அடங்கும். அந்த வேலைக்குத்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா கண்ணாடி போட்டவர். நல்ல மாதிரி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எழுத்துத் தேர்வை முடித்துவிட்டு இவளை அறைக்குள் கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் நின்றோம். மேஜைமேல் புத்தகத்தை வைத்ததும் சார் முந்திக்கொண்டு, "மேடம், திருப்பி வச்சிக் குடுங்க, தலைகீழா படிக்கும்" என்றார்.

"எதற்கு? நேராகப் படித்தால் போதும்" என்றார் டீச்சரம்மா. படித்தாள். அர்த்தம் கேட்டார். சொன்னாள். எனக்கே ஆச்சரியம், தெளிவாகச் சொன்னாள். டீச்சரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நன்றாகப் படிக்கிறாய். இங்கே தங்கிப் படிக்க ஆசையா?"

"அக்காவுக்கும் இங்க எடம் கீதா?"

"இல்லையம்மா. ஒருத்தருக்குத்தான்."

"அப்ப எனக்கு வாணாம்."

சார், "ஏய், இன்னா பேசுற!" என்று ஓரடி எடுத்து வைத்தார். டீச்சரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "ஏன் வேண்டாம்?" என்று கேட்டார்.

"நான் இங்க வந்தா அக்கா இறால் ஷெட்டுக்குப் போவணும். எனக்குப் பெட்டி வாங்கறதுக்கு. நைனா சொல்லிச்சு."

நைனா தன்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கழுத்து மடிப்பில் கரி அப்படியே இருந்தது. டீச்சரம்மா அவரைப் பார்த்தார். "அதெல்லாம் இல்லம்மா, கொயந்த தெரியாம பேசுது" என்றார் நைனா. உடனே தங்கச்சி திரும்பி, "அப்ப அக்காவும் ஆறாவது போவுமா நைனா?" என்று கேட்டாள். நைனா கழுத்து மடிப்பைக் கையால் மூடிக்கொண்டார். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு இடம் கிடைத்திருக்கும். அவர் கரடுமுரடான ஆள். ஆனால் முகத்துக்கு நேராக இரண்டாவது பொய் அவருக்கு வராது.

"மனசில்லாத குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது. வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்" என்று டீச்சரம்மா அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சார் என்னைப் பின்னால் தள்ளினார். "நீ அவகிட்ட போவாத. எல்லாம் நீ சொல்லிக்குடுத்த வேலை" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சியைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். பீச் தாண்டுவதற்குள் அவருடைய வேட்டி முழுக்க வாந்தி எடுத்தாள். அன்றைய நாளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் நைனா என்னை அடித்தார். "யாருடி சொல்லிக்குடுத்தது? நீதான?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். தங்கச்சி நடுவில் புகுந்து, "யாரும் சொல்லிக்குடுக்கல. நீதான சொன்ன? சோறு துன்னும்போது!" என்று கத்தினாள். அதற்கு அவளுக்கும் ஒன்று விழுந்தது.

அம்மா அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். "உட்டுடு. பெட்டியும் வாணாம், ஷெட்டும் வாணாம். நான் ஒருத்தி போறது போதும். ரெண்டும் வேற கார்ப்பரேஷன் ஸ்கூல்ல ஆறாவது சேரட்டும்" என்றாள். நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். திரும்ப வந்தபோது அதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. அதுதான் சம்மதம்.

அந்த இடம் முன் பெஞ்சிலிருந்த இன்னொரு பெண்ணுக்குப் போனது. அவள் அழுதுகொண்டே போனாள், நன்றாகப் படித்தாள் என்று கேள்வி. சந்தோஷம். டவுனுக்குப் போய்வந்த மறுநாளே சார் என் தங்கச்சியைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அவள் பேப்பரைத் தலைகீழாகப் படித்தாலும் அவருக்குக் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இவளைப் பிறவி ஞானி என்றீர்கள். டபுள் புரோமோஷன் கொடுத்தீர்கள். முன் பெஞ்சில் வைத்தீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாம் புரிந்துகொள்கிறாள் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். சோற்றுத் தட்டின் முன்னால் நடந்த ஒரு பேச்சு மட்டும் அவளுக்குப் புரியாதா? அதற்கு மட்டும் மக்குப் பெண் நான் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

அவள் இப்போது துறைமுகத்து ஆபீஸில் வேலை பார்க்கிறாள். நான் நர்ஸ். பந்தியில் யாராவது கலெக்டர் கதையை எடுத்தால் அவள், "கலெக்டருன்னா தெனம் ஜீப்ல போவணும். யாரு என் முதுகத் தடவுறது?" என்பாள். சிரித்துவிட்டு மோர் கேட்பார்கள். அடுத்த கல்யாணத்தில் மறுபடி என்னைத்தான் பிடிப்பார்கள்.

ஆறாம் வகுப்பில் முதல் வாரமே கணக்கு டீச்சர் பின்னக் கணக்கைப் போர்டில் எழுதி, "தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றார். வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தூக்கினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வரிசையில் இரண்டு கைதான் உயர்ந்தது. ஒன்று தங்கச்சியுடையது, ஒன்று என்னுடையது. வராண்டாவில் என்னோடு இருந்தவர்களுக்கு வீட்டில் எதிரில் வந்து உட்கார யாரும் இல்லை. டீச்சர் அவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். அடுத்த நாளும் நின்றார்கள்.

என்னோடு சேர்ந்து தண்ணீர்ப் பானை நிரப்பிய பெண் அந்த வருஷப் பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. ஷெட்டில் தன் பக்கத்தில்தான் உட்காருகிறாள் என்று அம்மா சொன்னாள். கை வேகம், ஆனால் கூலிக்கு அரைக் கூடை, கால் கூடை எண்ணும்போது தடுமாறுகிறாள் என்றும் சொன்னாள்.