அருளம்மா அக்கா குடித்த இஞ்சித் தேத்தண்ணி

பூண்டுலோயா அருளம்மா அக்கா காலமாகிவிட்டார் என்று, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் லிந்துலைக் கடைத்தெருவில் வைத்துச் சொன்னார். வாங்கிய சாமானை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அக்காவின் சாப்பாட்டுக் கடையில் ஆறு வருடம் தேத்தண்ணி போட்டவன் நான். அங்கே சாப்பிட்ட உங்களுக்கு அந்தக் கடையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் காலையில் கொல்லையில் பறித்துக் கொண்டுவருவதுதான் அன்றைய கறி. இறக்குமதி நின்று பருப்பும் மாவும் கண்ணில் படாத எழுபதுகளில் மற்றக் கடைகள் கதவைச் சாத்தின. அக்காவின் அடுப்பு எரிந்தது. யாராவது முகம் சுளித்தால், "பருப்பு கப்பல்ல வரட்டும், அப்ப வாங்க. இன்னைக்கு பூசணிதான்" என்பார். பிறகு பருப்பு மூட்டை மூட்டையாக வந்தபோதும் அந்தப் பெண்களின் கூடையை அவர் திருப்பி அனுப்பவில்லை.

மரவள்ளிக்கிழங்கு அவிக்கும் நாளில் நான் இஞ்சியைத் தொடக் கூடாது. இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் விஷம் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. மழையும் குளிருமான ஒருநாள், மடையன் நான், பழக்கதோஷத்தில் முதல்நாள் மிஞ்சிய இஞ்சியைத் தேத்தண்ணியில் தட்டிப் போட்டுவிட்டேன். மரவள்ளியை ஒரு பிடி பிடித்திருந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, பாதிக் கோப்பை இறங்கிய பிறகுதான் கண்டுபிடித்தார்.

"ஐயோ, என்னயக் கொன்னுட்டானே!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். "அவன அடிங்கடா, கடைய மூடுங்கடா" என்று ஒரே கூச்சல்.

அக்கா குசினி அடுப்படியிலிருந்து வந்தார். எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து ஒரு தட்டு மரவள்ளியைத் தின்றார். "செல்லையா, அதே இஞ்சியப் போட்டு எனக்கொரு தேத்தண்ணி ஊத்து." ஊற்றிக் கொடுத்தேன். சிலுவை போட்டுக்கொண்டு மடமடவென்று குடித்தார்.

"நான் செத்தா இவன அடிங்க. அதுவரைக்கும் கைய எடுங்க."

சாயங்காலம் வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கணக்கப்பிள்ளைக்கு நாலு மணிக்கே பசி வந்துவிட்டது. மறுநாள் கடை வழக்கம்போலத் திறந்தது. விஷமெல்லாம் வெறும் கதையென்று தெரிந்த கெட்டிக்காரி என்றுதான் இத்தனை வருடமும் அக்காவை நினைத்திருந்தேன்.

செத்த வீட்டில் மகள் ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவுக்கா தெரியும் மாமா? போன மாசங்கூட மரவள்ளி தின்ன என் புள்ள கையிலருந்து இஞ்சி பிஸ்கட்டப் புடுங்கி வீசுனாங்க. அந்த இஞ்சித் தேத்தண்ணி குடிச்ச அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் என்னய உக்கார வச்சு, 'நான் போயிட்டா ஒன் தம்பியப் பாத்துக்க'ன்னு அழுதாங்க."

விஷம் என்று நம்பியேதான் குடித்திருக்கிறார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கோப்பையைத்தான். ஊற்றிக் கொடுத்தவன் நான். கெட்டிக்காரிக்கு எதற்கு நன்றி என்று கடைசிவரை சொல்லாமலே இருந்துவிட்டேன்.